ஊசிவாலனுக்குச் சாட்சி

மாதுங்காவில் அனந்தநாராயணனைத் தெரியாதவர்கள்தான் அதிகம். தெரிந்த கொஞ்சம் பேரும் அவரை "வாத்து மாமா" என்றே சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்காவது ஊர் தன்னைக் கவனித்திருக்கிறதே என்று உள்ளூரத் திருப்திதான்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக பம்பாய்க்கு வந்தவர். பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. யுத்தம் முடிந்த வருஷம் அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதுவரை அவர் யாருக்கும் முன்னால் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆபீஸில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் ஹெட் கிளார்க் ஆகிவிட்டார்கள். லோக்கல் ரயிலில் கூட்டம் முழுவதும் ஏறிய பிறகு கடைசி ஆளாகத் தொற்றிக்கொள்வார். பஜனை மடத்தில் அவர் முறை வரும்போது சுண்டல் தீர்ந்திருக்கும். கோவிலுக்குப் போகும்போதுகூட அவர் மனைவி அபயாம்பாள் நாலடி முன்னால் போய்க்கொண்டிருப்பாள், இவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு பின்னால் வருவார்.

இதற்கெல்லாம் விதிவிலக்கு ஞாயிற்றுக்கிழமை காலை.

மூன்று பேர் கொண்ட கூட்டம் அது. பாங்கில் காஷியராக இருந்த கிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி சுப்ரமணியன், அப்புறம் நம்மவர். கிட்டு மூத்தவர், நல்ல வாய். சுப்ரமணியன் பேசவே மாட்டார். பேசினால் பறவை பறந்துவிடும் என்ற பயம் அவருக்கு வீட்டுக்குள்கூட இருந்தது. விடிகிற நேரத்தில் பிளாஸ்கில் காப்பியோடு மாதுங்காவிலிருந்து கிளம்பி, சயான் வழியாகச் சுற்றி, தாராவித் தோல் பட்டறைகளின் பின்பக்கமுள்ள கழிமுகச் சேற்றுக்கு வந்து சேர்வார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். பறவைகளுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. கொக்கும் உள்ளானும் மீன்கொத்தியும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கும். சேற்றுக்கு நடுவே போகிற வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் பின்னால் வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே உட்காருவது எல்லாம் அவர் இஷ்டம்.

யார் முன்னால் போவது என்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து ஒரு வாத்து வரும். காப்பிக்கொட்டை நிறத்தில் தலை, வெள்ளைக் கழுத்து, நீண்டு கூராக ஒரு வால். இங்கிலீஷ் பெயர் இவர்களுக்கு ரசிக்கவில்லை. ஊசிவாலன் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷத்து முதல் ஊசிவாலனை யார் பார்க்கிறாரோ அவர்தான் குளிர்காலம் முழுக்க முன்னால் நடப்பார். அவர் வீட்டில் எல்லோருக்கும் ஒருநாள் அடை. பார்த்தேன் என்று சொன்னால் போதும், சாட்சி கேட்கக்கூடாது. இது கிட்டு போட்ட சட்டம்.

"வாரம் பூரா ஆபீஸ்ல வவுச்சர் எங்கே, ரசீது எங்கேன்னு பிராணனை வாங்கறா. ஞாயித்துக்கிழமையுமா ஓய்? மனுஷன் சொன்னா சொன்னதுதான்" என்பது அவர் கட்சி.

வருஷா வருஷம் அனந்தநாராயணன்தான் முதலில் பார்த்தார். மற்ற இருவரும் ஞாயிறு மட்டும் வருகிறவர்கள். இவரோ கார்த்திகை பிறந்துவிட்டால் ஆபீஸுக்குப் போகும் முன்பே ஒருநடை சேற்றுக்குப் போய்விட்டு வருவார். அந்தப் பதவியை அவர் உழைத்துத்தான் சம்பாதித்தார். வரப்பில் முன்னால் நின்று அவர் கையைத் தூக்குகிறபோது, பின்னால் காஷியரும் இன்ஷூரன்ஸும் அப்படியே சிலையாக நிற்பார்களே, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஜம்பு வந்து சேர்ந்தான்.

ரயில்வேயில் வேலை, வயது முப்பதுக்குள். அனந்தநாராயணன் இருந்த கட்டடத்திலேயே மாடியில் குடிவந்தான். சுப்ரமணியன் எப்படியோ வாயைத் திறந்து அவனைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். வந்த முதல் ஞாயிறே கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிக்கொண்டு வந்தான். யுத்தத்தில் சோல்ஜர்கள் வைத்திருந்த ரகம். பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் பிடித்ததாம். அனந்தநாராயணனிடம் இருந்தது, ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன நாடகக் கண்ணாடி, கொட்டகையில் மேடையைக் கிட்டத்தில் காட்டுகிற சின்ன ரகம். அதில் ஒரு பக்கம் கீறல். எந்தப் பறவையைப் பார்த்தாலும் அதன் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடும்.

ஜம்பு அந்தப் பைனாகுலரைத் தானே வைத்துக்கொண்டிருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். அவன் எல்லோருக்கும் கொடுத்தான். "மாமா, நீங்க பாருங்கோ" என்று முதலில் இவரிடம்தான் நீட்டுவான். "கண்ணில தூசி" என்று சொல்லி இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அவன் அதை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனபோது, யாரும் கவனிக்காமல் எடுத்துப் பார்த்தார். தூரத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி மூக்குக்கு நேரே வந்து நின்றது. மூக்கு நுனியில் தொங்கிய நீர்த்துளிகூடத் தெரிந்தது. அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. மெதுவாகக் கல்லின் மேல் திரும்ப வைத்துவிட்டார்.

அத்தோடு விட்டானா? நன்றாகப் பாடினான். கிட்டுவின் ஜோக்குகளுக்கு வயிறு குலுங்கச் சிரித்தான். அபயாம்பாளுக்கு ரேஷன் கடையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிவந்து கொடுத்தான். "என்ன பதவிசான பிள்ளை, கேட்டேளா" என்று அவள் ராத்திரி சாதம் போடும்போது சொன்னாள். அனந்தநாராயணனுக்கு அன்று மோர்சாதம் இறங்கவில்லை.

அந்த வருஷம் பம்பாயில் குளிர் என்று ஒன்று வரவே இல்லை. மார்கழி பிறந்தும் டிரங்கிலிருந்து போர்வையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் இதமாக இருந்தது. டிராமில் எல்லோரும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அபயாம்பாள் அப்பளத்தை இட்டுக் காயவைத்தாள். வெயிலுக்குக் குறைச்சலே இல்லை. வடக்கே குளிர் கடித்தால்தானே ஊசிவாலன் கிளம்பும்? ஞாயிறுக்கு ஞாயிறு சேற்றில் தண்ணீர் வெறுமனே கிடந்தது. முன்னால் யார் போவது என்று தீர்மானமாகாததால் நால்வரும் வரப்பில் முட்டிமோதிக்கொண்டு நடந்தார்கள். அனந்தநாராயணனுக்கு இதில் வருத்தம் என்று சொல்வதற்கில்லை. தான் பார்க்கவில்லை என்றாலும் ஜம்புவும் பார்க்கவில்லையே.

இப்படியிருக்க ஒரு ஞாயிறு காலை, ஜம்பு மாடியிலிருந்து படிகளைத் தாவித் தாவி இறங்கி வந்தான். கீழே மூவரும் காத்திருந்தார்கள்.

"மாமா! வந்துடுத்து! நேத்து சாயங்காலம் சயான்ல இறங்கி அப்படியே நடந்து போனேன். ஊசிவாலன்! ஒண்ணே ஒண்ணு. ஆண்!"

கிட்டு கையைத் தட்டினார். சுப்ரமணியன்கூட "அடே" என்றார். ஜம்பு அதை வர்ணித்தான். தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது, நிமிர்ந்தபோது கழுத்து வெள்ளை ஒரு கோடாகி இரண்டு பக்கமும் காதுவரை ஏறியிருந்தது என்றான். அந்தக் கோட்டை நேரில் பார்க்காதவன் சொல்ல முடியாது. அனந்தநாராயணனுக்கு அதைப் பார்க்கவே பல வருஷம் ஆயிற்று. பையன் நிஜமாகவே பார்த்திருக்கிறான் என்பது அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

தெரிந்தும், "சாட்சி யாரு?" என்று கேட்டார்.

கிட்டு காது சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் பார்த்தார்.

"என்ன ஓய் கேட்டீர்?"

"சாட்சி யாருன்னு கேட்டேன். ஊர்ல ஒருத்தனும் இன்னும் போர்வையை வெளியில எடுக்கலை. வடக்கேயிருந்து வாத்து மட்டும் எப்படி வரும்? இவன் வந்து முழுசா நாலு நாள் ஆகலை. கொக்குக்கும் வாத்துக்கும் வித்தியாசம் தெரியறதுக்குள்ள முதல்ல பார்த்தேன்னு சொன்னா நம்பிடணுமாக்கும்?"

"இத்தனை வருஷமா நீர் சொன்னப்போ நாங்க கேட்டோமா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்போ இவன் சொல்றானா?"

அனந்தநாராயணன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார். அதுவே பதிலாக இருந்தது. ஜம்புவின் முகம் சிவந்துபோயிற்று. சண்டைக்கு வருவான், ரெண்டு வார்த்தை ஏறுமாறாகப் பேசுவான், அப்போது ஒருகை பார்க்கலாம் என்று இவர் எதிர்பார்த்தார். அவனோ, "சாட்சி இல்லை மாமா. நான் தனியாத்தான் போயிருந்தேன். விட்டுடுங்கோ" என்றான்.

கிட்டுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி. அனந்தநாராயணன் ஆசைப்படி இனிமே சாட்சி வேணும். யாரா இருந்தாலும் வேணும். இதுவே சட்டம்" என்றார்.

அன்று சேற்றுக்குப் போனார்கள். ஊசிவாலன் இல்லை. தண்ணீர் காலி. ஒரு வாத்தையும் காணாமல் அனந்தநாராயணன் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். திரும்பும்போது யாரும் அவரோடு பேசவில்லை. பிளாஸ்கில் இருந்த காப்பியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

விஷயம் எப்படியோ அபயாம்பாள் காதுக்குப் போயிருந்தது. "அந்தப் பிள்ளை பொய் சொல்றவனா எனக்குத் தோணலை" என்றாள் அவள்.

"உனக்கு வாத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"வாத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வெறி. தானே பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் வரப்பில் முன்னால் நடக்கலாம், கிட்டுவின் மூக்கை உடைக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலே ஜம்பு பின்னால் வருவான். தினமும் விடியுமுன் கிளம்பினார். நாடகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கீறல் இன்னும் பெரிதாயிற்று. "வாத்தைக் கல்யாணம் பண்ணிண்டிருக்கலாம் நீங்க" என்றாள் அபயாம்பாள். தை பிறந்தது. அப்போதும் குளிரவில்லை.

ஒரு காலை அவர் சேற்றோரம் கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே விசில் அடிப்பதுபோல் சிறகுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு பெரிய கூட்டம். நீண்ட கழுத்தும் நீண்ட வாலுமாகத் தண்ணீரை ஒரு சுற்றுச் சுற்றி, சரிந்து, மளமளவென்று இறங்கின. ஊசிவாலன்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவை அவர் ஒன்றாகப் பார்த்ததில்லை. ஆண்களின் கழுத்தில் வெயில் பட்டு வெள்ளை பளீரென்றது. அனந்தநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டு, ஜம்பு, ஆபீஸ், எல்லாம் மறந்துபோயிற்று. கொஞ்ச நேரம் அவர் நல்ல மனிதராக இருந்தார்.

அப்புறம் சாட்சி ஞாபகம் வந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார். சற்றுத் தள்ளி புதருக்குப் பக்கத்தில் ஒருவன் கையில் தகர டப்பாவோடு நின்றுகொண்டிருந்தான். தோல் பட்டறையில் வேலை செய்கிற சுயம்பு என்பவன், திருநெல்வேலிச் சீமை ஆள். காலை வேளையில் அவன் எதற்காக அங்கே வந்திருக்கிறான் என்று டப்பாவே சொல்லிற்று. அனந்தநாராயணனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. குனிந்து குனிந்து ஓடி அவன் கையைப் பிடித்தார்.

"அப்பா, அங்கே பாரு! என்ன தெரியறது?"

"என்ன சாமி இது? மனுசன் அவசரமா வந்திருக்கேன். அங்கிட்டுத் திரும்பி நில்லும்."

"ஒரே நிமிஷம். இந்தக் கண்ணாடி வழியாப் பாரு."

சுயம்பு தலையில் அடித்துக்கொண்டு பார்த்தான். "வாத்துல்லா. அதுக்கு என்ன இப்பம்?"

"அதான் வேணும்! ஞாயித்துக்கிழமை மாதுங்காவுக்கு வந்து, பார்த்தேன்னு சாட்சி சொல்லணும். வருவியா?"

சாட்சி என்றதும் சுயம்புவின் முகம் மாறிவிட்டது. "சாட்சியா? ஆள விடும் சாமி. எங்க மச்சான் ஒருத்தன் சாட்சி சொல்லப் போயி கோர்ட்டுப் படியேறியே கிழவனாயிட்டான். நான் ஒண்ணையும் பாக்கல. வாத்தும் பாக்கல, உம்மையும் பாக்கல!"

டப்பாவை அணைத்துக்கொண்டு அவன் ஓட்டம் பிடித்தான். வந்த காரியத்தைக்கூட முடிக்கவில்லை, பாவம்.

"ஓய்! நில்லு! கோர்ட்டெல்லாம் இல்லை! நில்லுப்பா!" என்று அனந்தநாராயணன் அடித்தொண்டையில் கத்தினார். சேறு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. பின்னால் படபடவென்று ஓசை. திரும்பினார். ஊசிவாலன்கள் மொத்தமாக எழும்பி, ஒரு சுற்று சுற்றி, செம்பூர்ப் பக்கமாகப் போய் மறைந்தன. தண்ணீரில் ஒன்றுகூடப் பாக்கி இல்லை.

ஞாயிறு வரை அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று புத்தி சொல்லிற்று. மனசு கேட்கவில்லை. சயான் தாண்டி வரப்புத் தொடங்குகிற இடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார். கூட்டமாக வந்ததையும், வெயில் பட்டதையும், சுயம்பு பார்த்ததையும், ஓடிப்போனதையும் ஒன்று விடாமல் சொன்னார்.

கிட்டு பொறுமையாகக் கேட்டார். "சாட்சி?"

"அதான் சொன்னேனே, ஓடிப்போயிட்டான்."

"ஓடிப்போயிட்டான்னா இல்லைன்னுதானே அர்த்தம்? நான் என்ன ஓய் பண்ணட்டும்? நீர் கேட்டு வாங்கின சட்டம்."

கிட்டு அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சுப்ரமணியன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் உயிரைக் கொடுத்துப் பார்த்ததை இவர்கள் நம்பவில்லை. இப்படித்தானே அன்றைக்கு ஜம்புவும் நின்றிருப்பான் என்று அனந்தநாராயணனுக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை உடனே விரட்டிவிட்டார்.

அப்போது ஜம்பு சொன்னான். "மாமா பார்த்தேன்னு சொல்றார். அப்போ வந்திருக்கு. இதுக்கெதுக்கு சாட்சி?" பிறகு வரப்பிலிருந்து ஒதுங்கி நின்று வழிவிட்டான். "நடங்கோ மாமா, முன்னாடி."

அவன் குரலில் கேலி இருக்கிறதா என்று அனந்தநாராயணன் உற்றுக் கேட்டார். இல்லை. பழிவாங்கி விட்டோம் என்ற மிதப்பு முகத்தில் தெரிகிறதா என்று தேடினார். அதுவும் இல்லை. சின்னதாக ஏதாவது ஒரு அழுக்கு இருந்தால்கூட அவருக்குப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துப்போவார். ஒன்றும் கிடைக்கவில்லை. பைனாகுலர் அவனிடம் இருந்தது, குரல் இருந்தது, வயசு இருந்தது. போகட்டும். இந்த மனசுமா இவனுக்கே இருக்க வேண்டும்? அவருக்கு அன்று வந்த பொறாமைக்கு முன்னால் அதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கிட்டுவும் தலையாட்டிவிட்டார். "ஜம்புவே சொன்னப்புறம் என்ன? நடவும் ஓய்."

ஒரே ஒரு வாக்கியம்தான் அவர் சொல்லியிருக்க வேண்டியது. நீ அன்னிக்குப் பார்த்தது நிஜம்னு எனக்கு அப்பவே தெரியும் ஜம்பு, என்று. அது தொண்டைவரை வந்து நின்றது. மேலே வரவில்லை. முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். வெறும் வரப்பு, அவருக்கு முன்னால் யாரும் இல்லை, வருஷம் முழுக்க எதற்காகத் தவித்தாரோ அது காலடியில் கிடந்தது. ஆனால் அது ஜம்பு போட்ட பிச்சையாக இருந்தது. இவன் கையால் வாங்கி நடப்பதைவிடச் சேற்றில் இறங்கி நடக்கலாம் என்று தோன்றியது. சடக்கென்று திரும்பினார்.

"நான் போகலை. நீ போ முன்னாடி" என்றார். கிட்டத்தட்ட அதட்டினார்.

ஜம்பு திகைத்தான். "ஐயோ, நான் எப்படி மாமா..."

"போன்னா போ! நீதான் முதல்ல பார்த்தே."

வீம்பில் வந்த வார்த்தை அது. அவனிடம் கடன்படக்கூடாது என்பதைத் தவிர வேறொரு எண்ணமும் அதில் இல்லை. ஆனால் கிட்டு அப்படியே அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது.

"பெரிய மனசு ஓய் உமக்கு. இதை ஒத்துக்க எத்தனை பேருக்கு வரும்?"

சுப்ரமணியனும், ஆச்சரியம்தான், "மனுஷர்னா இவர்தான்" என்றார். ஜம்பு குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அதெல்லாம் இல்லை ஓய், எனக்கு இவனைக் கண்டாலே ஆகலை, என்று சொல்ல அனந்தநாராயணன் வாயைத் திறந்தார். பெரிய மனசு என்று அவரை இதுவரை யாரும் சொன்னதில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார். நால்வரும் நடக்கத் தொடங்கினார்கள். முன்னால் ஜம்பு, பின்னால் கிட்டு, சுப்ரமணியன், எல்லோருக்கும் கடைசியில் அனந்தநாராயணன். சற்றுத் தூரம் போனதும் ஜம்பு கையைத் தூக்கினான், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையைத் தூக்கிய விதம் அழகாகத்தான் இருந்தது. அவருக்கு அதுவும் பொறுக்கவில்லை.